கடலுக்குப் போன வாழையிலை

மதினி,

இன்று காலை மாடிவீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். திண்டுக்கல் நாகல் நகரில் நம் தெரு முழுக்க அந்த வாசம்தான். பால் ஊற்ற வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "காலங்காத்தாலயேவா?" என்று அலுத்துக்கொண்டார். நான் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று சிரித்தேன். மனுசர் மிரண்டுபோய்ப் பார்த்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், ஒரு பஸ் நிறைய உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒரே நேரத்தில் ஜன்னல்களைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் புரிகிற ஆள் நீங்கள்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வடமதுரையிலிருந்து வந்தபோது, யாராவது புது ஆள் வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்கிறவளாக இருந்தேன். நீங்கள் நேர் எதிர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் குடும்பக் கதை முழுவதும் அடுத்த நிறுத்தத்துக்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மெஷின் சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம்தான் தெருவுக்குக் கேட்கும். நானும் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற சாக்கில் அங்கேயே கிடப்பேன்.

அந்த வகுப்பில்தான் ஜெயமேரி அந்தக் கேள்வியைக் கேட்டாள். தோட்ட வேலைக்குப் போய்ப் போய் முழங்கால் தேய்ந்து, நாற்பது வயதுக்கு மேல் தையல் படிக்க வந்தவள் அவள். ஒரு நாள் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏக்கா, கடலுக்கு அக்கரை தெரியுமா? ஆத்துப் பாலத்துல நின்னா தெரியுற மாதிரி?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. "சிரிக்கிறவளுக எல்லாம் கடலைப் பாத்தவளுகதானா? கையத் தூக்குங்கடி" என்றீர்கள். ஒரு கைகூட உயரவில்லை. வேளாங்கண்ணிக்குப் போன ஒருத்தி மட்டும், "நான் அப்ப கைக்குழந்தை" என்றாள்.

"சரி, அப்ப போயிட்டு வந்துருவோம்." அவ்வளவுதான் உங்கள் திட்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் என்று நினைவு. மெஷின் பழுது பார்க்க வருகிறவரின் மாமியார் ஊர், ராமநாதபுரத்துக்கு அப்பால் பனங்காட்டுக்குள் பிரிகிற மண்பாதையின் முடிவில் இருந்த ஒரு மீனவர் ஊர். கூட்டமில்லாத கடல் என்று அவர் சொன்னார். ராசேந்திரன் ஓட்டிய டூரிஸ்ட் பஸ்ஸை வாடகைக்குப் பேசினீர்கள். விடியுமுன்பே புளிச்சோறும் தயிர்ச்சோறும் கிண்டி, பாலிதீன் பைகளில் பொட்டலம் கட்டினோம். புதுப் பழக்கம் அப்போது அது. எல்லோருக்கும் அது நாகரிகமாகத் தெரிந்தது. தண்ணீர் குடிக்க வெள்ளைப் பிளாஸ்டிக் டம்ளர்கள் வேறு.

கடலைப் பார்த்ததும் பஸ்ஸுக்குள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். பிறகு ஜெயமேரி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மூட்டுவலியை மறந்து ஓடினாள். முழங்கால் நனைய நின்றுகொண்டு திரும்பிக் கத்தினாள்: "அக்கரை இல்லக்கா! நெசமாவே இல்ல!" சேலையோடு அத்தனை பேரும் தண்ணீருக்குள். நீங்கள் அலைக்கு முதுகைக் காட்டி நின்று, அது வந்து மோதும்போதெல்லாம் அதைத் திட்டினீர்கள். நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

சாப்பிட்டு முடித்துப் பஸ் ஏறினோம். ராசேந்திரன் வண்டியைக் கிளப்பினார். நகர முடியவில்லை. முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சேலையை இடுப்பில் செருகி, கையில் ஒரு வலையைப் பிடித்திருந்தாள். வலை முழுக்க நம்முடைய பாலிதீன் பைகள். அவளுக்குப் பின்னால் அந்த ஊர்ப் பெண்கள் பாதையை அடைத்து நின்றார்கள்.

"யாரு இந்தப் பஸ்சுக்குப் பெரியாளு?"

நீங்கள் இறங்கினீர்கள். உங்கள் பின்னால் ஏனோ நானும் இறங்கிவிட்டேன். 

"ஒங்க வாசல்ல நான் வந்து சோத்தத் தின்னுட்டு, பொட்டலத்த வீசிட்டுப் போனா சும்மா விடுவீகளா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"விடமாட்டேன்" என்றீர்கள். "முடியப் பிடிச்சு இழுத்திருப்பேன்."

அவள் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.  அதை மறைக்க மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். அவள்தான் சவேரியம்மா.

பஸ்ஸிலிருந்து ஒருத்தி, "காசு குடுத்துத்தான வந்திருக்கோம்" என்று முணுமுணுத்தாள். நீங்கள் திரும்பிப் பார்த்து, "காசு பஸ்சுக்குக் குடுத்தோம். இவுகளுக்கு என்னத்தக் குடுத்தோம்?" என்றீர்கள்.  எல்லோரும் இறங்கினோம். காற்று அடித்துக்கொண்டு போன பைகளைத் துரத்திப் பிடித்தோம். வலைகளில் சிக்கியதை அந்த ஊர்ப் பெண்கள் எடுக்க, மணலில் புதைந்ததை நாம் தோண்டினோம். எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பஸ் மேல் ஏற்றியபோது ராசேந்திரன், "குப்பைய ஊருக்குத் திருப்பிக் கொண்டு போற டூரிஸ்ட் பஸ்சு உலகத்துலயே இது ஒண்ணாத்தான்க்கா இருக்கும்" என்றார்.

வேலை முடிந்ததும் சவேரியம்மா வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். அவள் குடிசை நிழலில் மணலில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கேட்டீர்கள்: "நெசத்தச் சொல்லு. நாங்க நாலு பேரு வந்து போறது ஒங்களுக்கு நல்லதா, கெட்டதா?"

"எங்களுக்கு என்னக்கா இருக்கு? வாரீக, கடலப் பாக்குறீக, போறீக. எங்க மொகத்த ஒருத்தரும் பாக்குறதில்ல." பிறகு அவளே சொன்னாள்: "மீனு கெடைக்கும். ஆனா வெஞ்சனத்துக்கு ஒரு நல்ல கத்திரிக்கா வேணும்னா டவுனு வரைக்கும் போவணும். இந்த மண்ணுல ஒண்ணும் வாராது."

உங்கள் கண் எப்படி மின்னியது என்று எனக்கு இப்போதும் தெரிகிறது. செம்பட்டியில் உங்கள் வீட்டுக்காரருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவருக்கு, வாழைத்தோட்டம். அதைச் சுற்றிக் கத்திரியும் தக்காளியும். ஊர் திரும்புகிற வழியெல்லாம் நீங்கள் என் காதில் ஓதிக்கொண்டே வந்தீர்கள். நான் பாதி தூங்கிப்போனேன்.

அடுத்த முறை பொட்டலம் கட்டவில்லை. செம்பட்டியிலிருந்து வாழையிலைக் கட்டுகளும் காய்கறி மூட்டைகளும் பஸ் மேல் ஏறின. சமையல் சவேரியம்மா கூட்டத்தின் பொறுப்பு. காலையில் பிடித்த மீனும் நம் ஊர்க் காயும் சேர்ந்து வெந்தன. அவர்கள் வீட்டு நிழலிலேயே பந்தி. நமக்குப் பரிமாறிவிட்டு ஓரமாக நின்றவர்களை நீங்கள் விடவில்லை. "பக்கத்துல ஒக்காருங்கடி. நாங்க என்ன ஓட்டலுக்கா வந்தோம்?" சாப்பிட்ட இலைகளை அந்த ஊர் வெள்ளாடுகள் வந்து நிமிடத்தில் தின்றுவிட்டுப் போயின. பஸ் கிளம்பும்போது மணலில் நம் கால்தடங்கள்தான் இருந்தன.

அதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் நீங்களா? மீன் செதில், நண்டு ஓடு, விலைபோகாத பொடிமீன், இதெல்லாம் கரையில் காய்ந்து குவிந்து கிடந்தது உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. "இது வாழைக்குத் தங்கம்டி" என்று சொல்லி, மூட்டை கட்டிப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளினீர்கள். கூடவே ஆளுக்கொரு கருவாட்டுப் பொட்டலம். பரமக்குடி வருவதற்குள் வெயில் தன் வேலையைக் காட்டியது. அப்போதுதான் அத்தனை ஜன்னலும் ஒரே சமயத்தில் திறந்தன. ஜெயமேரி முந்தானையால் முகம் முழுவதையும் சுற்றிக்கொண்டாள். ராசேந்திரன் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"அக்கா, ஒண்ணு இந்த மூட்டை வரணும், இல்ல நான் வரணும். செத்த நேரம் யோசிச்சு முடிவு சொல்லுங்க."

"நீ வராம மூட்டை எப்புடித் தம்பி வரும்? ரெண்டு பேரும் வாங்க."

கோபமாக இறங்கியவர் சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிப் பஸ் மேல் கட்டினார். அன்று முதல் மூட்டைக்குப் பஸ் மேல்தான் இடம்.

அண்ணன் அதை வாழைக்கு அடியில் புதைத்தார். வாசம் போகும்வரை தோட்டத்துப் பக்கம் நாய்களைத் துரத்துவதே அவருக்கு வேலையாக இருந்தது. ஆனால் அந்தத் தடவை வந்த இலைகளின் அகலத்தை அவர் ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்த இலைகளைத்தான் மறுபடி கடலுக்குக் கொண்டுபோனோம். மீன் வாழையாகி, வாழை இலையாகி, இலை ஆட்டுக்குப் போய், எதுவும் வீணாகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. நீங்கள் அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. "போறப்ப வெறுங்கையோட போகக்கூடாது, வாரப்ப வெறுங்கையோட வரக்கூடாது" என்பீர்கள். அவ்வளவுதான்.

எல்லாமே இனிப்பாக இருந்தது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். நம் பேச்சைக் கேட்டு மற்ற ஊர்களிலிருந்தும் பஸ்கள் அங்கே போகத் தொடங்கின. நாமும் மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று போனோம். ஒரு முறை நாம் போய் இறங்கியபோது மண்பாதைக்குக் குறுக்கே பனங்கட்டை கிடந்தது. சவேரியம்மா அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீக. இனிமே மாசத்துக்கு ஒரு பஸ்சுதான். ஒங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். கெணத்துத் தண்ணி கலங்கிப்போச்சு. வலை காயப்போட எடமில்ல. எங்க வீட்டு ஆம்பளைக கடலுக்குப் போறத விட்டுட்டு எளநி வெட்டிக்கிட்டு நிக்கிறாக."

"நாங்க சொல்லித்தான எல்லாரும் இங்க வாராக. எங்களுக்கே கட்டையா?" என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் அப்படி ஒரு வருத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று சாப்பிட்டதும் முதல் ஆளாக எழுந்தீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அடுத்த நடைக்கு ஆசையோடு காத்திருக்கும் பெண்களிடம் என்ன சொல்வது என்ற கவலை வேறு. மானாமதுரை தாண்டியபிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"அவ வீட்டுக்கு எத்தன விருந்தாளி வரணும்னு அவதான சொல்லணும்? நான் யாரு அதுல கோவப்பட?"

மறுநாள் சவேரியம்மா ஊர் முனையில் இருந்த போன் கடைக்குப் பேசி, அவளைக் கூப்பிடச் சொல்லி, "ஒரு பஸ்சு போதும்டி" என்று நீங்களே சொன்னீர்கள். மறுமுனையில் அவள் அழுதாளாம். நீங்கள் என்னிடம் அதைச் சொல்லும்போது உங்களுக்கும் கண் கலங்கியிருந்தது. உடனே, "வெங்காயம் உரிச்சேன்" என்றீர்கள். வெங்காயம் எங்கே இருந்தது, மதினி?

பிறகு அந்தச் சுனாமி வருடத்துக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. டி.வி.யில் கடலைப் பார்த்துக்கொண்டு தெருவே உறைந்து நின்றது. மூன்று நாள் கழித்துத்தான் போனில் சவேரியம்மாவின் குரல் வந்தது. ஊரில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கரையில் இழுத்துக் கட்டியிருந்த வள்ளங்கள் சில போயின, வலைகள் போயின. நீங்கள் வீட்டில் இருந்த பீடத்தின் முன் மண்டியிட்டீர்கள்.

ஆனால் அடுத்த இடி அதற்குப் பிறகுதான். மீன் வாங்க ஆள் இல்லை. நம் மார்க்கெட்டிலும் மீன் கடைகள் ஈயடித்துக் கிடந்தன. கடலில் போன பிணங்களை மீன் தின்றது என்று எவனோ சொல்லிவிட்டான், ஊர் முழுக்க அதே பேச்சு. நம் பஸ்ஸில் வரப் பெயர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, "இந்த வருசம் வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெயமேரியே தயங்கினாள்.

"நாம அவுக ஊருக்குப் போகப் பயந்தா, அவுக நம்ம ஊருக்கு வரட்டும்" என்றீர்கள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றைக் குறித்தீர்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடியில் மீன் சாப்பாடு. ஃபாதர் கேட்டார், "தவக்காலத்துல விருந்தாம்மா?" நீங்கள் அசரவில்லை. "விருந்து இல்ல ஃபாதர். வெள்ளிக்கிழம கறி திங்கக்கூடாதுன்னு நீங்கதான பிரசங்கம் வைக்கிறீக? நான் மீனு குடுக்குறேன்." அவர் சிரித்துவிட்டு இடத்தைத் திறந்துவிட்டார்.

ராசேந்திரன் வெறும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய் அவர்களை ஏற்றிவந்தார். சவேரியம்மா மதுரையைத் தாண்டி வந்ததே அதுதான் முதல் தடவையாம். நம் மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்ததும், "இம்புட்டுப் பெரிய கல்ல ஊருக்கு நடுவுல யாரு போட்டது?" என்று கேட்டாள். செம்பட்டித் தோட்டத்துக்கு முதலில் கூட்டிப்போனீர்கள். அவள் வெறுங்காலோடு வாழைகளுக்கு நடுவே நடந்தாள். அண்ணன் ஒரு மரத்தடியில் மண்ணைக் கிளறி, மக்கிப்போகாத ஒரு நண்டு ஓட்டை எடுத்துக் காட்டினார். அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, வாழையை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க ஊரு நண்டு இங்க வாழையாவா நிக்குது!" என்றாள். கரையில் வீசிப் போட்டதெல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தை அவள் அன்றுதான் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நடுப்பகல். வேப்பமரத்தடியில் இலை போட்டாயிற்று. அண்டாவில் குழம்பு கொதிக்கிறது. அந்த வாசத்துக்குத் தெருவே வந்து நிற்கிறது. உட்கார ஒருவரும் இல்லை. கிறிஸ்தவர்கள், இந்துக்கள், நம் தையல் பெண்கள், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்கிறார்கள். நம் தெருக்காரர் ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "அந்த மீனு என்னத்தத் தின்னுச்சோ, யாரு கண்டா?"

சவேரியம்மா கரண்டியை அண்டாவில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஐயா, எங்க பிள்ளைகளுக்கு நாங்க தெனமும் குடுக்குறது இதத்தான். பெத்த பிள்ளைக்கு நஞ்சு வைப்போமா?" கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. எனக்கு ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

நீங்கள் வந்து முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். "ஊத்துடி" என்றீர்கள். சோற்றைப் பிசைந்தீர்கள். மீனை முள் பார்த்து எடுத்தீர்கள். அவசரமே இல்லை. அத்தனை கண்களும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. மென்று விழுங்கிவிட்டு, நிமிர்ந்து, ரொம்ப யோசித்ததுபோலச் சொன்னீர்கள்:

"சவேரி, உப்பு ஒரு கல்லு கம்மி."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சவேரியம்மா அழுதுகொண்டே சிரித்தாள். ஜெயமேரி உங்கள் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். அடுத்து ஃபாதர். பிறகு இலை போட்டு எனக்குக் கை ஓயவில்லை. அந்தத் தெருக்காரர் கடைசிப் பந்திக்கு வந்து, "கொழம்பு மட்டும் ஊத்துங்க, மீனு வேணாம்" என்றார். கொஞ்ச நேரத்தில் என்னைச் சைகையால் கூப்பிட்டு, "ஒரு துண்டு வைம்மா. வாலுப் பக்கமா" என்றார். சாயங்காலம் அவர்கள் கொண்டுவந்திருந்த கருவாட்டு மூட்டைகளும் காலி. அந்தக் கோடையிலேயே நம் பஸ் மறுபடி கடலுக்குப் போனது. முதல் சீட்டில் அந்தத் தெருக்காரரின் மனைவி.

நீங்கள் போன அன்று அந்த ஊரே ஒரு பஸ்ஸில் வந்து இறங்கியது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சவேரியம்மா அடுப்படியில் உட்கார்ந்து, நீங்கள் அலையைத் திட்டியதையும், அவளைத் திட்டியதையும் சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தாள். பிறகு என்னிடம், "அடுத்த மாசம் எப்ப வாரீக?" என்று கேட்டாள். எனக்கு மதினி மாதிரி ஆட்களைக் கூட்டவும் பேசவும் வராது என்றேன். "வராதா? வந்ததுல இருந்து வாய மூடாம பேசுனது யாராம்?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நான்தான்.

போன மாதம் மகள் எங்களைக் கன்னியாகுமரிப் பக்கம் கூட்டிப்போனாள். பெரிய இடமில்லை, தென்னைக்கு நடுவில் ஒரு சின்னக் கடற்கரை. அவள் விரிப்பை எடுக்கும்போது, கொஞ்சம் தள்ளி ஒரு பெண் கூடையில் மீன் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என் கால் தன்னால் அந்தப் பக்கம் நடந்தது. "அம்மா, யாரு என்னன்னு தெரியாம..." என்று மகள் பின்னாலேயே வந்தாள்.

"நாங்க திண்டுக்கல்லும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "ஒங்க ஊர்க் கடலப் பாக்க வந்தோம். எங்க ஒக்காந்தா ஒங்களுக்குத் தொந்தரவு இருக்காது?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள் போலிருக்கிறது. பிறகு மீன் கூடையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, பக்கத்து மணலைக் கையால் தட்டிச் சமப்படுத்தினாள்.

"இங்கயே இரிங்க" என்றாள். "பிள்ளையையும் கூப்பிடுங்க."